மூலப்படியும் வழிப்படியும்: போஸ்ட்-பங்க் கச்சேரிக் கேசட்டுகள் பற்றி ஒரு வியாபாரியின் குறிப்புகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். முந்தைய மலர்களில் கல்வெட்டு, பழைய அளவைகள் என்று எழுதி வந்தவன் நான். இம்முறை தலைப்பைச் சொன்னதும் செயலாளர் போனில் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு, "நயினார், நீங்களா இதை எழுதப் போறீங்க?" என்று கேட்டார். நான்தான். நாற்பது வருஷத்துப் பழக்கத்தை ஒருமுறையாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979இல், இருபது வயதில், பம்பாய் வந்தேன். லாமிங்டன் ரோட்டில் சித்தப்பா கடை. ரேடியோ உதிரிபாகங்களும் காலி கேசட்டும் வியாபாரம். கல்லூரிப் படிப்பு எனக்கு வாய்க்கவில்லை. கடையில் உட்கார்ந்து படித்ததுதான் படிப்பு.

1981 கடைசியில் மாட்டுங்காவைச் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் கடைக்கு வந்தார். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, இங்கே ஒரு மில்லில் சேர்ந்திருந்தார். பெயர் வேண்டாம், இஞ்சினியர் என்றே சொல்கிறேன். குரோம் கேசட்டாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்குவார். என்ன பதிவு செய்கிறார் என்று விசாரித்தபோது ஒரு கேசட்டைக் கடையிலேயே போட்டுக் காட்டினார். எவர்சில்வர் கடையில் சண்டை நடந்தது மாதிரி இருந்தது எனக்கு. "ராத்திரி கடை சாத்தினப்புறம் தனியா கேளுங்க, நயினார்" என்றார். கேட்டேன். மூன்றாம் நாள் நானே அடுத்த கேசட்டைக் கேட்டு வாங்கினேன்.

1982 ஜனவரியில் பம்பாய் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அடுத்த வருஷமே அவர் வேலை தேடி மஸ்கட் போய்விட்டார். போகும்போது 31 கேசட்டுகள் கொண்ட பெட்டியை என்னிடம் கொடுத்து, "கேக்கறவங்களுக்குப் பிரதி போட்டுக் குடுங்க. காசு மட்டும் வாங்காதீங்க" என்றார். என் சேகரிப்பு அந்தப் பெட்டியில்தான் தொடங்கியது.

போஸ்ட்-பங்க் என்றால் என்ன?

1976, 77இல் இங்கிலாந்தில் பங்க் என்ற இசை புறப்பட்டது. மூன்று சுரக்கட்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம் என்பது அதன் கொள்கை. 1976 ஜூன் 4ஆம் தேதி மான்செஸ்டர் நகரத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ஒரு கச்சேரி செய்தது. வந்தவர்கள் சுமார் நாற்பது பேர்தான். அவர்களில் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக் என்ற இருவரும் அதன் பிறகே வாத்தியத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் அமைத்த குழுதான் பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆயிற்று.

1978 ஜனவரியில் செக்ஸ் பிஸ்டல்ஸ் கலைந்தது. அதன் பாடகர் ஜான் லைடன் அதே ஆண்டில் பப்ளிக் இமேஜ் லிமிடெட் என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். பங்க் திறந்துவிட்ட வாசல் வழியே வந்து, அதன் எளிய கட்டமைப்பை மட்டும் விட்டுவிட்டு, பல திசையில் போனவர்களின் இசையைத்தான் போஸ்ட்-பங்க் என்கிறார்கள். பங்குக்குப் பிந்தையது என்று பொருள். மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன், தி ஃபால்; லண்டனில் வயர்; லீட்ஸில் கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ், டெல்டா 5; லிவர்பூலில் எக்கோ அண்ட் தி பன்னிமென் என்று ஊருக்கு ஊர் குழுக்கள். சைமன் ரெனால்ட்ஸ் 2005இல் வெளியிட்ட வரலாற்று நூல் 1978 முதல் 1984 வரையான ஆண்டுகளை இதன் காலமாக வைக்கிறது.

இலக்கணம் சொல்வதானால், கிட்டார் முன்னால் நின்று முழங்காது. விட்டு விட்டுக் கீறும். மந்தர சுரத்துக்கான பேஸ் கிட்டார் பல பாட்டில் மெட்டையே சுமக்கும். பீட்டர் ஹுக் பேஸ் கிட்டாரின் மேல் சுரங்களில் வாசிப்பதைக் கேட்டால் இது புரியும். டெல்டா 5 குழுவில் பேஸ் கிட்டார் மட்டும் இரண்டு. பாட்டின் பொருள் காதலோடு நிற்காமல் வேலை, வீடு, பணம், பயம் என்று போகும்.

தட்டில் இல்லாதது கச்சேரியில் இருக்கும்

கடையில் இசைத்தட்டு கிடைக்கும்போது கச்சேரிப் பதிவைத் தேடி ஏன் அலைய வேண்டும்? என் வீட்டிலும் இதைக் கேட்டார்கள்.

முதல் காரணம், இரண்டும் ஒன்றல்ல. ஜாய் டிவிஷனின் முதல் நீள் இசைத்தட்டு 1979 ஜூனில் வந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அதில் எதிரொலியும் இடைவெளியும் வைத்து, குளிர்ந்த பெரிய மண்டபத்தில் கேட்பது போல ஆக்கினார். உலகம் அதைக் கொண்டாடியது. ஆனால் சம்னரும் ஹுக்கும், மேடையில் எங்கள் வேகமும் முரட்டுத்தனமும் இதில் இல்லையே என்று குறைப்பட்டார்கள். அவர்கள் சொன்ன அந்த முரட்டுத்தனத்தைக் கேட்க வேண்டுமானால் கச்சேரிப் பதிவைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது காரணம், சில பாட்டுகள் கச்சேரியில் மட்டுமே பிழைத்திருக்கின்றன. இதற்கு "செரிமனி" என்ற பாட்டின் கதையே போதும். ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18ஆம் தேதி தன் 23ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு 16 நாள் முன்பு, மே 2ஆம் தேதி, பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஹை ஹால் அரங்கில் அந்தக் குழுவின் கடைசிக் கச்சேரி நடந்தது. "செரிமனி" அங்கே பாடப்பட்டது. கர்ட்டிஸ் குரலில் அந்தப் பாட்டுக்கு மொத்தம் மூன்று பதிவுகள்தான் உண்டு: அன்று மாலை ஒலிச் சோதனையில் ஒன்று, இரவுக் கச்சேரியில் ஒன்று, மே 14இல் ஒத்திகைப் பதிவாக ஒன்று. மூன்றிலும் சொற்கள் தெளிவாகக் கேட்காது. எழுதி வைத்த தாளும் இல்லை. மிஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தபோது, சம்னர் பதிவை ஒலிச் சமனி வழியே ஓடவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு, சொல் சொல்லாக மீட்டார். 1981இல் அதுவே நியூ ஆர்டரின் முதல் தட்டாக வந்தது. சிதைந்த ஏட்டை விளக்கடியில் பிடித்துப் படித்த நம் பதிப்பாசிரியர்களின் பாட்டுக்கு இது குறைந்ததல்ல.

வயர் குழுவின் கதை வேறு மாதிரி. 1979, 80இல் மேடையில் வாசித்த பல புதுப் பாட்டுகளை ஒலிக்கூடத்தில் பதியாமலே அந்தக் குழு கலைந்துவிட்டது. அவற்றில் ஒரு பகுதி 1981இல் வந்த கச்சேரித் தட்டில்தான் தங்கியது. பின்னர் மீண்டும் சேர்ந்தவர்கள் அந்தப் பழைய கருக்களை எடுத்து வளர்த்து, 2013இல் "சேஞ்ச் பிகம்ஸ் அஸ்" என்ற முழுத் தட்டாகவே வெளியிட்டார்கள். முப்பது வருஷம் விதைநெல்லாகக் கிடந்தது அந்தக் கச்சேரிப் பதிவு.

பதிவு நடந்த விதம்

கச்சேரிப் பதிவுகள் மூன்று வகைப்படும்.

ஒன்று, ரசிகர் பதிவு. கூட்டத்தில் நிற்பவர் சட்டைக்குள் கருவியை மறைத்து வைத்துப் பதிவது. கைதட்டல், பாட்டில் உருளும் சத்தம், பக்கத்து ஆள் பேச்சு எல்லாம் சேர்ந்தே விழும். இரண்டு, ஒலிமேசைப் பதிவு. அரங்கின் ஒலி கலக்கும் மேசையிலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பதிவது. தெளிவாக இருக்கும். ஆனால் சின்ன அரங்கில் கிட்டார் சத்தம் ஒலிபெருக்கியே வேண்டாமல் போதுமானதாக இருக்குமாதலால் மேசைக்கு அது குறைவாகவே வரும். பதிவில் குரல் மட்டும் தூக்கலாக நிற்கும். மூன்று, வானொலிப் பதிவு. ஜாய் டிவிஷன் 1979 டிசம்பர் 18இல் பாரீஸ் நகரத்தில் வாசித்தது பிரெஞ்சு வானொலியில் ஒலிபரப்பானது. வீட்டில் அதைப் பிடித்த கேசட்டுகள் பல ஆண்டு கைமாறின. முறையான தட்டு 2001இல்தான் வந்தது.

கேசட்டை பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1963இல். ஆனால் ரகசியப் பதிவுக்கு ஏற்ற நல்ல சிறு கருவிகள் வர மேலும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. சோனியின் டிசி-டி5எம் 1980இலும், வாக்மேன் ப்ரொஃபெஷனல் 1982இலும் வந்தன. போஸ்ட்-பங்க் குழுக்கள் சின்ன அரங்குகளில் வாசித்த காலமும் இந்தக் கருவிகள் வந்த காலமும் ஒன்றாக அமைந்தது ரசிகர்களின் அதிர்ஷ்டம்.

கேசட்டின் நீளம் எங்களுக்கு ஒரு தலைவலி. சி-90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிஷம். கச்சேரி நடுவே பக்கம் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாட்டு அறுபடும். சி-120 வாங்கினால் நாடா மிக மெல்லியது, இழுபடும், சிக்கும். கடைக்காரனாக நான் சி-120 விற்றிருக்கிறேன். ரசிகனாக அதில் பதிந்ததே இல்லை.

படிவரிசை

இனி முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். கச்சேரியில் ஓடிய அதே கேசட் மூலப்படி. அதிலிருந்து எடுத்தது முதல் வழிப்படி. அதிலிருந்து எடுத்தது இரண்டாம் வழிப்படி. ஒவ்வொரு படியிலும் நாடாவின் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் மங்கும். ஐந்தாம் வழிப்படியில் ஜால்ரா ஓசை, மழைச் சத்தம் மாதிரி கேட்கும்.

இரைச்சலைவிட மோசமானது வேகக் கோளாறு. பதிவு செய்தபோது பேட்டரி தளர்ந்து கருவி மெதுவாக ஓடியிருந்தால், வீட்டில் சரியான வேகத்தில் போடும்போது பாட்டு விரைவாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஆறு சதவீதம் வேகம் மாறினால் சுருதி ஏறக்குறைய அரைச்சுரம் மாறிப்போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அரங்கின் மின்சார ஹம் பல பதிவுகளில் அடியில் கேட்கும். இங்கிலாந்தில் அது வினாடிக்கு 50 அதிர்வு. பதிவில் அதை அளந்தால் 52 என்று வருகிறதா? அப்படியானால் நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கேற்பக் குறைத்தால் பாடகரின் குரல் அவர் குரலாகிவிடும். அமெரிக்கக் கச்சேரியானால் ஹம் 60. இதை மறந்து திருத்தினவர்களும் உண்டு!

இன்னொன்று, பதிவுத் தலையின் கோணம். ஒரு கருவியின் தலை லேசாகச் சாய்ந்திருந்து, மற்றொன்றில் போடும்போது நேராக இருந்தால் உச்ச ஒலி அடைத்துப் போகும். கேசட் கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் தூக்கிப் போடுவார்கள். ஒரு சிறு திருகாணியைத் திருப்பினால் உயிர் வந்துவிடும்.

ஒரே கச்சேரியை இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து பதிந்திருந்தால் இன்னும் விசேஷம். ஒருவர் பக்கம் திருப்பிய இடத்தில் அறுந்த பாட்டு மற்றவர் நாடாவில் முழுதாக இருக்கும். இரண்டையும் ஒட்டி முழுக் கச்சேரி ஆக்குவார்கள். எந்த இடத்தில் ஒட்டினோம் என்று எழுதியும் வைப்பார்கள். சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தது பல ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்துத்தான். பொருள் விளங்காத இடங்களைக் கும்பகோணத்து ஜைனர் வீடுகளில் கேட்டுத் தெளிந்தார் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டவன் நான். ஆகவே இந்தக் கேசட் வேலை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இதனால்தான் நல்ல சேகரிப்பாளர்கள் கேசட்டோடு ஒரு சீட்டு வைப்பார்கள். குழு, ஊர், அரங்கு, தேதி, பாட்டு வரிசை, ரசிகர் பதிவா மேசைப் பதிவா, எத்தனையாவது வழிப்படி, எந்தக் கருவி, டால்பி போட்டதா இல்லையா என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாத கேசட், முன்பின் ஏடு உதிர்ந்த சுவடிதான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது.

கொடுக்கல் வாங்கல்

இந்தக் கேசட்டுகளை விற்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. பதிலுக்கு வேறு பதிவு கொடுக்கலாம். கொடுக்க எதுவும் இல்லாத புதியவர் காலி கேசட்டும் திரும்பு தபால் செலவும் அனுப்பினால் போதும். ஆங்கில இசை வார இதழ்களின் கடைசிப் பக்க வரி விளம்பரங்களில் முகவரி பிடிப்போம். தட்டச்சு செய்த பட்டியல் அனுப்புவோம். நான் 1985இல் ஜெர்மனிக்கு முதல் கடிதம் போட்டேன். நாலு மாசம் கழித்து ஆறு கேசட் வந்தது. அன்றைக்குக் கடையில் வியாபாரமே ஓடவில்லை, எனக்கு.

திருட்டுத்தட்டுக்காரர்கள் வேறு ஜாதி. அவர்களுடைய சரக்குக்கு பூட்லெக் என்று பெயர். சாராயத்தைப் பூட்ஸுக்குள் ஒளித்துக் கொண்டுபோன அமெரிக்கப் பழக்கத்திலிருந்து வந்த சொல். பாப் டிலன் பாட்டுகளோடு 1969இல் வந்த "கிரேட் ஒயிட் ஒண்டர்" என்ற தட்டுதான் ராக் இசையில் பெயர்பெற்ற முதல் பூட்லெக். ரசிகர் இலவசமாகக் கொடுத்த பதிவை எடுத்துத் தட்டு அடித்து விற்பவர்களால் எங்களுக்கும் கெட்ட பெயர்.

சட்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தமும் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் உரிமை கொடுக்கின்றன. விற்கவில்லை என்பது நாங்களாகப் போட்டுக்கொண்ட ஒழுக்கம். அதுவே அனுமதி ஆகிவிடாது. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழு 1984இல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. போஸ்ட்-பங்க் உலகில் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை. சிலர் கண்டுகொள்ளவில்லை, சிலர் கோபப்பட்டார்கள். இசைத்தட்டு நிறுவனங்கள் 1980களின் தொடக்கத்தில், வீட்டுப் பதிவு இசையைக் கொல்கிறது என்று மண்டையோட்டுப் படம் போட்டு விளம்பரம் செய்தன. அதே காலத்தில் த்ராபிங் கிரிசில் என்ற குழு தன் கச்சேரிகளைத் தானே ஒரு மணி நேரக் கேசட்டாக்கி, 24 கேசட்டுகளை ஒரே கைப்பெட்டியில் வைத்து வெளியிட்டது. கேசட் வியாபாரியான எனக்கு அந்தப் பெட்டி மேல் இன்றும் ஒரு கண்.

குழு முறையாக வெளியிட்ட கச்சேரியை நாங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம், காசு கொடுத்து வாங்கிக்கொள்வோம். இது இரண்டாவது விதி. சில சமயம் எதிர்த்திசையிலும் நடந்தது. தி கியூர் குழுவின் 1980ஆம் ஆண்டுத் தட்டு 2005இல் விரிவுபடுத்தி மறுவெளியீடு கண்டபோது, சில கச்சேரிப் பாட்டுகளுக்குப் பக்கத்தில் பூட்லெக் என்று அச்சிட்டே போட்டார்கள். வயர் குழு 2010இல் "சட்டபூர்வமான பூட்லெக்" என்ற வரிசையையே தொடங்கியது. கலைஞர் விரட்டிய நாடாவே கலைஞருக்குத் திரும்பப் பயன்பட்டது.

மூன்றாவது விதி, பதுக்காதே. இதைத்தான் நான் மீறினேன்.

2005 ஜூலை 26

இஞ்சினியர் கொடுத்த 31 கேசட்டில் ஒன்று, டெல்டா 5 குழுவின் கச்சேரி. லீட்ஸில் படித்த காலத்தில் அவரே ஒரு சின்ன அரங்கில் நின்று பதிந்த மூலப்படி. அந்தக் குழு ஒரே ஒரு நீள் இசைத்தட்டோடு நின்றுவிட்டது. ஆகவே அதன் கச்சேரிப் பதிவுக்கு மதிப்பு அதிகம். அந்தத் தேதிக் கச்சேரி வேறு எவர் பட்டியலிலும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் வியாபாரி புத்தி விழித்துக்கொண்டது. இது என்னிடம் இருக்கிறது என்று பட்டியலில் போடுவேன். பிரதி மட்டும் கொடுக்க மாட்டேன். இதைக் காட்டி வேறு அரிய பதிவுகளைக் கேட்பேன். ஜெர்மனி நண்பர் மூன்று முறை எழுதிக் கேட்டார். "கருவி பழுது, பிறகு அனுப்புகிறேன்" என்று மூன்று முறையும் பதில் போட்டேன். கருவிக்கு ஒன்றும் இல்லை.

மும்பைக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டாம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. குர்லாவில் என் கிடங்கு தரைத்தளம். மித்தி ஆற்றுத் தண்ணீர் ஆள் உயரம் நின்றது. நானூறுக்கு மேற்பட்ட கேசட்டுகள் சேற்றில் கிடந்தன. அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய பிழை. அவசரத்தில் அவற்றை மொட்டை மாடியில் வெயிலில் பரப்பினேன். சேறு காய்ந்து நாடாவின் மேல் ஒட்டியது. சூட்டில் நாடா நெளிந்து அடுக்குக்கு அடுக்கு பிடித்துக்கொண்டது. சேறு காயவிடாமல் சுத்தமான நீரில் அலசி, நிழலில் மெதுவாக உலர்த்தியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும் என்று பிறகுதான் படித்தேன்.

செய்தியை நண்பர்களுக்கு எழுதினேன். அடுத்த ஒரு வருஷத்தில் ஜெர்மனி, இங்கிலாந்து, ஜப்பானிலிருந்து பொட்டலங்கள் வந்தன. இருபது வருஷமாக நான் பிரதி போட்டுக் கொடுத்தவற்றின் பிரதிகள். என் கையெழுத்துச் சீட்டையே நகலெடுத்து உள்ளே வைத்திருந்தார்கள். அறுபத்துச் சொச்சம் கச்சேரிகள் இப்படித் திரும்பின. மூன்று முறை நான் ஏமாற்றிய ஜெர்மனி நண்பர் அனுப்பியது மட்டும் பத்தொன்பது. டெல்டா 5 திரும்பவில்லை. எவரிடம் இருந்து திரும்பும்?

2011இல் ஒரு போன் வந்தது. இஞ்சினியரின் மகள். அப்பா தவறிவிட்டார் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "அங்கிள், லீட்ஸ்ல பதிஞ்ச ஒரு கேசட் உங்ககிட்ட இருக்காம். பாட்டு நடுவுல அப்பா பக்கத்துல நின்ன ஃப்ரெண்டோட தமிழ்ல பேசிச் சிரிப்பாராம். அப்பா சொல்லிட்டே இருப்பார். அந்தக் குரலை ஒருதரம் கேக்கணும்" என்றாள்.

அந்தப் பேச்சு எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கைதட்டலுக்கு நடுவே வரும். இருபது வயசுக் குரல். ஒரு பிரதி, ஒரே ஒரு பிரதி ஜெர்மனிக்குப் போயிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கலாம். வெள்ளத்தில் போயிற்று என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மீதி உண்மையை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

கணினிக் காலம்

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. 2001இல் ஃப்ளாக் என்ற கோப்பு முறை வந்தது. எம்பி3 போல ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடாமல், ஒன்றும் இழக்காமல் சுருக்கும். ஆகவே நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். எம்டி5 என்ற கணக்கு, கோப்புக்கு 32 எழுத்தும் எண்ணுமாக ஒரு கைரேகை கொடுக்கும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் ரேகை மாறிவிடும். பழைய படிவரிசைச் சீட்டு இப்போது கோப்போடு ஒரு எழுத்துக் குறிப்பாகப் போகிறது. கேசட்டில் எந்தப் படி, எந்தக் கருவியில் போட்டுக் கணினிக்கு மாற்றியது, வேகம் திருத்தியதா என்றெல்லாம் அதில் எழுத வேண்டும். எம்பி3 ஆக்கியதைத் திரும்ப ஃப்ளாக் ஆக்கி நல்ல சரக்கு என்று கொடுப்பதை இந்த உலகில் பெரிய குற்றமாகப் பார்க்கிறார்கள். பாலில் தண்ணீர் கலந்து, மறுபடி சுண்டக் காய்ச்சிப் பழைய பால் என்று விற்கிற கதை அது.

தொழில்நுட்பம் மாறினாலும் கொடுக்கிற கை இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. மூலப்படிகள் இன்னும் கேசட்டாகவே எத்தனையோ பரண்களில் கிடக்கின்றன. பதிந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. நாடாவுக்கும் நாற்பது வயது தாண்டிவிட்டது.

எங்கள் மரபில் நான்கு தானம் சொல்வார்கள்: உணவு, மருந்து, அபயம், சாத்திரம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்ன கவியின் சாந்தி புராணத்தை ஆயிரம் படி எழுதுவித்துத் தானம் செய்தார். ஏடு எழுதியவர்கள் களைத்திருப்பார்கள், செலவும் ஆகியிருக்கும். ஆனால் ஒரு வெள்ளம் வந்தால் அந்த நூல் போகாது என்பது அந்த அம்மையாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். அந்த ஒரு கேசட் விஷயத்தில் மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டுப் பரணிலும் கேசட் இருக்கும். ஜாய் டிவிஷன் இருக்காது, பரவாயில்லை. கல்யாணக் கச்சேரி இருக்கும், சங்கத்து ஆண்டுவிழா இருக்கும், ஊரிலிருந்து பாட்டி பேசி அனுப்பிய கடிதக் கேசட் இருக்கும். எடுத்தவுடன் கருவியில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள், தவறியும் மேலே பதிவாகாது. ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஒரே மூச்சில் கணினிக்கு மாற்றுங்கள். யார், எங்கே, எப்போது என்று ஒரு சீட்டு எழுதுங்கள். பிறகு அதில் இரண்டு பிரதியாவது வேறு வேறு ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

கருவி இல்லாதவர்கள் என் கடைக்கு வரலாம். தலைக்கோணம் சரிபார்த்த கருவி இரண்டு வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். ஒரு பிரதி கேட்பேன், அதுவும் நீங்கள் சம்மதித்தால்.